கம்பியில் கட்டிய துண்டு

ஏனுங்க சார், தமிழுங்களா? அதான் நெனச்சேன். அந்த விக் வெச்ச ஆளுகிட்ட நீங்க நின்னு பேசிட்டிருந்ததை இங்க இருந்தே பாத்துட்டேன். வேண்டாமுங்க. அவங்க நாடக ராஜா மாதிரி கோட்டுப் போட்டுக்கிட்டு வர்றவங்க போறவங்களையெல்லாம் புடிப்பாங்க. அவங்க விக்கற டிக்கெட்டு வேற எங்கயோ நடக்கற கச்சேரிக்கு. அதும் நல்லாத்தான் இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா பாட்டு நாடகம் நடக்கற இந்தப் பெரிய அரங்கத்துக்குள்ள போயிப் பாக்கோணும்னா இப்படி வாங்க, எனக்குப் பின்னாடி நில்லுங்க. இது நின்னுக்கிட்டே பாக்கறவங்களுக்கு வரிசை. காப்பி குடிக்கற காசுல வேலை முடிஞ்சிரும். வியன்னாவுக்கு வந்துட்டு இதைப் பாக்காமப் போலாமுங்களா?

என்ற பேரு பொங்கியண்ணன். கோயமுத்தூருங்க. பேங்க்ல இருந்து ரிட்டயர்டு. பையன் மகுடேஸ்வரன் இங்க வேலையில இருக்கான், அவன்கூட இருக்கேன். நீங்க மீட்டிங்குக்கு வந்தீங்களா? சரி சரி.

இல்லீங்க, உங்களுக்கு ஒண்ணு உங்க சம்சாரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா வாங்க முடியாது. ஆளுக்கு ஒண்ணுதான். பாக்கற ஆளு நேர்ல வந்து நிக்கோணும். அவங்க ஹோட்டல்லயே இருந்துக்கறாங்களா? அப்பச் சரி. ஃபோன்ல கூப்படறது அவங்கதானுங்களா? கட் பண்ணிட்டீங்களா, நல்லது. உள்ள போனா எப்படியும் ஆஃப் பண்ணித்தான் வெக்கோணும்.

இங்க ஒரு வழக்கம் இருக்குதுங்க, தெரிஞ்சுக்குங்க. நிக்கற எடத்துல வரிசை வரிசையா கம்பி இருக்கும். டிக்கெட் வாங்குனதும் உள்ள போயி, உங்க கழுத்துல இருக்குதே மஃப்ளர், அதை எடுத்துக் கம்பியில கட்டிப்புடோணும். கட்டிட்டீங்கன்னா அந்த எடம் உங்களுது. அப்பறம் வெளிய போயி ரொட்டி தின்னுட்டு வரலாம், வெத்தலை போடலாம், ஒருத்தன் அந்த எடத்துல வந்து நிக்க மாட்டான். நம்மூரு பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு எடம் புடிக்கறமில்லீங்களா, அதே கதைதான். என்ன, நம்மூர்ல துண்டைத் தூக்கிக் கீழ போட்டுட்டு உக்காந்துக்குவான். இங்க துணிக்கு மரியாதை இருக்குதுங்க.

நான் துண்டுதான் கொண்டாருவேன். இதா பாருங்க. சென்னிமலைத் துண்டு. ஊர்ல இருந்து வர்றப்ப கட்டாக் கொண்டாந்தேன். இந்தத் துண்டுனால எனக்கும் என்ற சம்சாரத்துக்கும் பெரிய சண்டைங்க. சொன்னா சிரிப்பீங்க. இன்னும் கவுண்டரு தொறக்க நேரமிருக்குது, கேளுங்க.

என்ன பண்ணுவான்னா, சாயங்காலம் பொழுதோட அவ வெளிய கிளம்பினா என்ற துண்டு ஒண்ணு காணாமப் போயிரும். அவ திரும்பி வந்தா துண்டும் வந்துரும். மடிச்சு, இருந்த எடத்துலயே இருக்கும். எனக்கு ஒரு பொருளு வெச்ச எடத்துல இருக்கோணும், அது என்ற சுபாவம். "ஏம்புள்ள, உனக்குத்தான் கம்பளி மஃப்ளர் வாங்கிக் குடுத்திருக்குதே, என்ற துண்டை எதுக்குத் தூக்கிட்டுப் போற?"ன்னு சத்தம் போட்டேன். "இருக்கட்டுமுங்க"ம்பா. இருக்கட்டும்னா என்ன அர்த்தம்? ஒருநாளு என்னமோ சொல்ல வாயெடுத்தா. அந்த நேரம் பாத்து டிவியில நியூஸு போட்டுட்டான். அப்பறம் அவளும் சொல்லல. அவ எப்பவுமே அப்படித்தானுங்க, மனசுல இருக்கறதை வாயைத் தொறந்து சொல்ல மாட்டா. வாழ்க்கை பூராவும் எனக்கு அதுதான் கஷ்டம்.

எங்க போவான்னு கேக்கறீங்களா? இங்கதான் வருவா. இந்த வரிசையில, இந்தக் கதவுக்கு முன்னாடி. ஆமாங்க, என்ற சம்சாரம். மயிலாத்தான்னு பேரு. காங்கயத்துக்குப் பக்கம், அஞ்சாங்கிளாசு படிச்சவ. இங்கிலீசு தெரியாது, இவங்க பாசை அதைவிடத் தெரியாது. டிராம் ஏறி, இறங்கி, வரிசையில நின்னு, டிக்கெட் வாங்கி, வாரத்துல பாதி நாளு உள்ள போயி நின்னுட்டு வருவா. அதை நான் எங்க போயிச் சொல்றது?

அது ஆரம்பிச்ச கதையைச் சொல்லோணும்னா எங்க கோகிலாவுல இருந்து ஆரம்பிக்கோணும். எங்களுக்கு மூத்தது பொண்ணுங்க. கோகிலவாணி. காலேஜுல பாடம் நடத்திட்டிருந்தா. மாப்பிள்ளை பாத்துட்டிருந்தோம். காய்ச்சலுன்னு படுத்தா. சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சோம், மூளைக்குப் போயிருச்சுன்னாங்க. ஒரு வாரத்துல முடிஞ்சுபோச்சு.

இருங்க, இருங்க. ஐயோன்னு சொல்லாதீங்க, அதெல்லாம் ஆச்சு.

நாங்க இருக்கறது அப்பார்ட்மெண்டு. வடவள்ளிப் பக்கம். நாந்தான் அங்க அசோசியேசன் செக்ரட்டரி. முன்னாடி ஒருதடவை ரெண்டாவது மாடியில ஒரு பெரியம்மா இறந்துட்டாங்க. உடுமலையில இருந்து சொந்தக்காரங்க வந்து, பந்தலென்ன, கொட்டென்ன, படிக்கட்டெல்லாம் பொம்பளைங்க உக்காந்து ஒப்பு வெச்சு ஒப்பாரி பாடி அழுதாங்க பாருங்க, பொழுது விடிஞ்சதுல இருந்து அடையற வரைக்கும். பரிச்சைக்குப் படிக்கற புள்ளைங்க இருக்குது, சீக்காளிங்க இருக்குது. அதுக்கு மேல நாந்தான் மீட்டிங் போட்டு விதி கொண்டாந்தேன். துக்க வீடா இருந்தாலும் சத்தம் கூடாது. அழுவறவங்க கதவைச் சாத்திக்கிட்டு மெதுவா அழுவோணும். லிஃப்டுக்குள்ள ஒட்டியே வெச்சிருந்தேன்.

அப்படி ஒரு விதியைப் போட்டவன் வீட்டுலயே துக்கம் வந்துருச்சு. நான் என்னங்க பண்றது? மத்தவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

என்ற சம்சாரத்தோட அக்கா, சின்னம்மா, அத்தைக்காரிங்க எல்லாம் வேன் வெச்சுக்கிட்டு வந்து இறங்குனாங்க. நம்ம பொம்பளைங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? தோளைக் கட்டிக்கிட்டு வட்டமா உக்காந்துட்டாங்கன்னா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மயிலாத்தா நடுவுல இருந்தா. "என்ற கண்ணே"ன்னு ஒரு சொல்லு எடுத்தா. ஒரே ஒரு சொல்லுத்தான். நான் போயி முன்னால நின்னு வாய் மேல வெரலை வெச்சுக் காட்டுனேன். நின்னுபோச்சு. குழாயைத் திருகி மூடுனாப்பல டக்குன்னு நின்னுபோச்சுங்க. அதுக்கப்பறம் ஒரு விசும்பல் கூட இல்லை. ஒரு வீட்டுல இருந்தும் ஒரு கம்ப்ளெயிண்ட் வரல. மூணாவது மாடி டாக்டரு என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "இத்தனை கண்ணியமா ஒரு சாவு வீட்டை நான் பாத்ததே இல்லீங்க"ன்னாரு.

எனக்கு வெசனம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. பெத்த அப்பன். இந்த நெஞ்சுல ஒரு பக்கம் அப்படியே காலியாத்தான் இருந்துச்சு, இப்பவும் இருக்குது. ஆனா ஆம்பளைன்னு ஒருத்தன் நின்னு நடத்தோணுமில்லீங்களா? நானும் உக்காந்து அழுதா யாரு நடத்தறது? கோகிலா போட்டோவைக்கூட ஹால்ல இருந்து எடுத்து பீரோவுல வெச்சுட்டேன். பாத்தா அழுகை வரும், அழுதா உடம்புக்கு ஆவாது. மயிலாத்தா நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

அப்பறமுங்க, அம்மா பேச்சே இல்லாம இருக்கறாங்கன்னு மகுடு எங்களை இங்க கூட்டிட்டு வந்துட்டான். இங்க அப்பார்ட்மெண்டு நம்மூர விட மோசம். அக்கட்டால வீட்டுக்காரன் தும்முனா இக்கட்டால கேக்குது. ராத்திரியில மிக்ஸி போடக்கூடாது, ஞாயித்துக்கெழமை ஆணி அடிக்கக்கூடாது. எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஊருன்னா இப்படித்தானுங்க இருக்கோணும்!

வந்த புதுசுல ஒருநாளு பொழுதோட மகுடு எங்களை இந்தப் பக்கம் சுத்திக்காட்டக் கூட்டியாந்தான். வெயில் காலத்துல இந்தச் செவுத்துல ஒரு பெரிய திரை மாட்டி, உள்ள நடக்கறதை அப்படியே வெளிய காட்டுவாங்க, சும்மாவே பாக்கலாம். நாற்காலி எல்லாம் போட்டிருப்பாங்க. அன்னிக்கு என்ன கதையோ என்னமோ, மேடையில ஒரு சின்னப் பொண்ணைக் கிடத்தியிருக்குது. பக்கத்துல ஒரு தாட்டியான அம்மா மண்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் பாடுது. என்ற சம்சாரம் அப்படியே நின்னுட்டா. "ஏனுங்க, யாரு செத்தது? அந்தம்மா புள்ளைங்களா?"ன்னு கேட்டா. "அது பாட்டு நாடகம், பெரிய கலை, உனக்குப் புரியாது, வா"ன்னேன். "புரியுதுங்க. அந்தம்மா புள்ளைக்கு ஒப்பு வெக்குது"ன்னா. எப்படி இருக்குது பாருங்க! உலகமே கொண்டாடற சங்கீதத்தை இவ எழவு வீட்டுப் பாட்டுங்கறா. மகுடுவும் நானும் சிரிச்சுட்டோம்.

அவ சிரிக்கல. நாற்காலியில உக்காந்துட்டா. கடைசி வரைக்கும் எந்திரிக்கல. முடிஞ்சதும் அத்தனை சனமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. அவ என்னைப் பாத்து, "இத்தனை பேரு உக்காந்து கேட்டாங்க. ஒருத்தரு கூட அந்தம்மா வாயை மூடச் சொல்லலீங்களே"ன்னா. அது என்ன பேச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை.

என்னங்க? என்னமோ சொல்ல வந்தீங்க. சித்த இருங்க, இதை முடிச்சர்றேன், இல்லாட்டி விட்டுப்போயிரும்.

அடுத்த வாரமே மகுடுவை இழுத்துக்கிட்டு இந்த வரிசைக்கு வந்துட்டா. அவன் ஒருநாளு வழி காட்டுனான். அப்பறம் தனியாவே. வெளிநாட்டுக்காரின்னு ஒரு கூச்சம் கிடையாது. சுங்குடிச் சேலை, மேல ஸ்வெட்டரு, கையில ஒரு பை. பையில என்ற துண்டு. போற நாளெல்லாம் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு, "நீங்களும் வாரீங்களா?"ம்பா. அது சும்மா பேச்சுக்குக் கேக்கறது. நான் பேப்பர்ல இருந்து தலையை எடுக்காமயே "நீ போயிட்டு வா"ம்பேன். சித்த நேரம் நிப்பா. அப்பறம் கதவு சாத்தற சத்தம் கேக்கும்.

உங்க ஃபோனு மறுக்கா அடிக்குது பாருங்க. பொம்பளைங்களுக்குப் பொறுமையே கிடையாதுங்க. சரி வாங்க, கவுண்டரு தொறந்துட்டான். தள்ளாதீங்க, இங்க யாரும் தள்ள மாட்டாங்க. காசைக் கையில எடுத்து வெச்சுக்குங்க. கீழயா மேலயான்னு கேப்பான், கீழன்னு சொல்லுங்க. மேடை நேரா தெரியும்.

இப்படி, இப்படி. ஓடக்கூடாது, வேகமா நடக்கோணும். இதுதான் நான் நிக்கற எடம். நீங்க எனக்கு இந்தப் பக்கமா நில்லுங்க. மஃப்ளரைக் கட்டுங்க. ரெண்டு முடிச்சாப் போடுங்க. ஆ, அவ்வளவுதான். இந்தச் சின்னத் திரையில இங்கிலீசுல எழுத்து ஓடும், பாத்துக்குங்க. நான் பாக்கறதில்லை.

அந்தப் பக்கமுங்களா? இல்லீங்க, அங்க நிக்காதீங்க. அங்க இன்னொரு துணி கட்டோணும். இதா, இந்தக் கம்பளி மஃப்ளரு. எனக்குக் காலு வலிச்சா ஒருபக்கமா சாஞ்சு நிக்க எடம் வேணுமில்லீங்களா, அதுக்குத்தான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதோ குட்டை முடியோட ஒரு வெள்ளைக்காரம்மா தலையை ஆட்டுதே, அது பேரு எடித். டீச்சரா இருந்துச்சாம். வருசக்கணக்கா இங்கயே நிக்குது. இங்க நிக்கறவங்க எல்லாம் ஒரு கூட்டமுங்க, ஒருத்தருக்கொருத்தரு எடம் பாத்துக்குவாங்க.

சண்டையைச் சொல்றேன்னேனில்ல. போன ஐப்பசி மாசமுங்க. எங்க அசோசியேசன் பிரசிடெண்டு, அவரும் அவங்க சம்சாரமும் ஐரோப்பா டூர் வந்தவங்க, "செக்ரட்டரி வீட்டுக்கு வராமப் போவமா"ன்னு திடுதிப்புனு வந்துட்டாங்க. வீட்டுல யாரும் இல்லை. மகுடுவும் மருமகளும் ஆஃபீசு. இவ இங்க வந்துட்டா. காப்பி வெச்சுக் குடுக்க ஆளில்லை. "வீட்டுல அவங்க எங்கீங்க?"ன்னு அந்தம்மா கேக்குது. நாடகம் பாக்கப் போயிருக்கான்னு சொல்ல முடியுமுங்களா? பொண்ணு செத்து வருசம் முடியல. கடைக்குப் போயிருக்கான்னு சொல்லி அவங்களை உக்கார வெச்சுட்டு, டிராமைப் புடிச்சு வந்தேன். டிக்கெட் இல்லாம உள்ள விடமாட்டேன்னுட்டான். ஒரு டிக்கெட் வாங்கிக்கிட்டு இடைவேளையில உள்ள வந்தேன்.

அன்னிக்குக் கூட்டமுன்னா கூட்டம். மூச்சு விட எடமில்லை. அதுக்குள்ள சேலையை வெச்சுக் கண்டுபுடிச்சுட்டேன். இதே எடந்தானுங்க. இதே கம்பி. அவளுக்குப் பக்கத்துல ஒரு ஆளு நிக்கற அளவுக்கு எடம் காலியாக் கெடக்குது. அவ்வளவு கூட்டத்துல! அந்தக் கம்பியில என்ற துண்டு கட்டியிருக்குது. எனக்கு எங்க இருந்துதான் கோவம் வந்துச்சோ. மூஞ்சி தொடைக்கற துண்டை ஊரான் முன்னாடி கட்டி வெச்சிருக்கான்னு.

அவ திரும்பிப் பாத்தா. அவ மூஞ்சி அப்படி மலந்து நான் பாத்ததில்லீங்க. கோகிலா போனதுக்கு அப்பறம் பாத்ததில்லை. "வந்துட்டீங்களா"ன்னா. இதா இங்கன்னு கையைக் காட்டி, எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னா. திருட்டுத்தனமா வந்து மாட்டிக்கிட்டதுக்கு இளிக்கறான்னு நான் நெனச்சேன். வான்னு கூப்படறதுக்குள்ள வெளக்கை அணைச்சுட்டான். வேற வழியில்லாம நின்னேன்.

மேடையில ஒரு அம்மா பாட ஆரம்பிச்சுது. அவ்வளவுதான், இவளுக்குத் தோளு குலுங்குது. சத்தமே இல்லை. சத்தத்தை எல்லாம் மேடையில அந்தம்மா போட்டுக்குது, கண்ணீரை இவ கீழ நின்னு விட்டுக்கறா. முந்தானை நனைஞ்சு கெடக்குது. சுத்தி நிக்கறவங்க யாரும் திரும்பிப் பாக்கல. இந்த எடித்து கூட அழுதுக்கிட்டுத்தான் நின்னுச்சு. மயிலாத்தா கம்பி மேல இருந்த என்ற கையைப் புடிச்சா. கையி ஜில்லுனு இருந்துச்சு. எனக்கும் அழுவோணும் போல இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா வீட்டுல ஆளுங்க உக்காந்திருக்காங்க. ஊர்ல போயி என்ன சொல்லுவாங்க? "நட, போலாம்"னு காதுல சொன்னேன். "இந்தப் பாட்டு முடியட்டுமுங்க"ன்னா. நான் கையைப் புடிச்ச புடியில இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

டிராம்ல எதுக்க எதுக்க உக்காந்திருந்தோம். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தவ, "நாம ரெண்டு பேரும் சேந்து அவளுக்காக ஒருநாளு கூட அழுவலீங்களே"ன்னா. "எல்லாரும் பாக்கறாங்க, கண்ணைத் தொடை"ன்னேன். வேறென்னங்க சொல்றது? டிராம்ல வெச்சுப் பேசற பேச்சா அது? வீட்டுக்குப் போயி அவங்களுக்குக் காப்பி வெச்சுக் குடுத்தா, நல்லாத்தான் பேசுனா. அன்னிக்கு அவசரத்துல என்ற துண்டு இங்கயே நின்னுபோச்சு. அதுக்கும் ஒரு பாட்டம் திட்டுனேன்.

அதுக்கப்பறம் அவ இங்க வரவே இல்லை. நான் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க, சத்தியமா சொல்லலை. அவளா நின்னுட்டா. பொழுதோட ஜன்னலுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்குவா. பனி கொட்டும், பாத்துட்டே இருப்பா. "போயிட்டு வாயேம்புள்ள"ன்னு நானே ஒருநாளு சொன்னேன். "இருக்கட்டுமுங்க"ன்னா. தை மாசம் ஒரு காலையில எந்திரிக்கல. நெஞ்சு நின்னுபோச்சுன்னு டாக்டரு சொன்னாரு.

அவளுக்கும் சத்தமில்லாமத்தானுங்க நடந்துச்சு. இங்க எரிக்கறதெல்லாம் கரண்டுல. மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருந்தாங்க, பூ வெச்சிருந்தாங்க. அவ அக்கா தங்கச்சின்னு யாரும் இல்லை. நான், மகுடு, மருமக, ஆஃபீசுக்காரங்க நாலு பேரு. எல்லாரும் தலையைக் குனிஞ்சு நின்னோம். நான் நெனச்சாப்பலயே, நான் ஆசைப்பட்டாப்பலயே, ஒரு சத்தமில்லை. அவ்வளவு அமைதியை என்னால தாங்க முடியலீங்க. யாராச்சும் ஒரு பொம்பளை ஒரு சொல்லு எடுத்துக் குடுக்க மாட்டாளான்னு இருந்துச்சு. எதுக்கு அப்படி இருந்துச்சுன்னு தெரியல.

அப்பறம் ஒரு மாசம் கழிச்சுத் துண்டெல்லாம் மடிச்சு வெச்சப்ப ஒண்ணு குறையுது. சென்னிமலைத் துண்டு, விட மனசு வருமுங்களா? இங்க வந்து கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன். துண்டுக்காகத்தான் வந்தேன். வரிசையில நிக்கறேன், இந்த எடித்து என்னையே பாக்குது. கிட்ட வந்து பையில இருந்து துண்டை எடுத்துச்சு. துவைச்சு, இஸ்திரிப் பொட்டி போட்டு, மடிச்சு வெச்சிருந்துச்சு. எப்ப வந்தாலும் குடுக்கலாம்னு தினமும் பையில போட்டுக்கிட்டே வந்திருக்குது. என்ற மூஞ்சியைப் பாத்து இங்கிலீசுல கேக்குது, "நீங்கதானா இந்தத் துண்டு?"ன்னு.

என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். அப்பறம் அது மெதுவா சொல்லுச்சு. மயிலாத்தா வந்த ஒவ்வொரு நாளும் ரெண்டு துணி கட்டுவாளாம். அவளுக்கு மஃப்ளரு, பக்கத்துல இந்தத் துண்டு. யாருக்குன்னு கேட்டா இவங்க பாசையில ரெண்டே வார்த்தை கத்து வெச்சிருந்தாளாம். "மான் கொம்ட்." வீட்டுக்காரரு வருவாருன்னு அர்த்தமாம். வெளக்கு அணையற வரைக்கும் கதவைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டிருப்பாளாம். மொதல்ல கொஞ்ச நாளு இவங்களும் கதவைப் பாத்தாங்களாம். அப்பறம் பாக்கறதை விட்டுட்டாங்களாம், அவ விடலையாம். ஆளு வரலைன்னா அந்த எடத்துல மத்தவங்க நின்னுக்கலாம், அதுதான் இங்க நியாயம். ஆனா எத்தனை கூட்டமா இருந்தாலும் அந்த எடத்துல யாரும் நிக்கக் கூடாதுன்னு இவங்களுக்குள்ள பேசி வெச்சிருந்தாங்களாம். "அவ எங்க?"ன்னு கேட்டுச்சு. நான் மேல கையைக் காட்டுனேன். எடித்து அங்கயே, வரிசையிலயே, வாய் விட்டு அழுதுருச்சுங்க. யாருன்னே தெரியாத ஒரு பொம்பளை. என்ற சம்சாரத்துக்கு வாய் விட்டு அழுதது அது ஒண்ணுதான்.

எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது சார். சொல்லியிருக்கலாமில்லீங்களா? "உங்களுக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கேன், வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? தினமும் வாசல்ல நின்னவ, அதைச் சொல்றதுக்கு என்ன? சொல்லவே இல்லீங்களே.

அதுல இருந்து வர்றேன். பாட்டெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு செத்தது, யாரு அழுவறதுன்னு மட்டும் பாத்துக்குவேன். அந்தம்மா குரலை எடுக்கறப்ப கண்ணுல தண்ணி வந்துட்டே இருக்கும், நான் தொடைக்கறதில்லை. இங்க யாரு பாக்கறா? இந்தப் பக்கம் அவ மஃப்ளரைக் கட்டி வெச்சுட்டு நிப்பேன். கதவைத் திரும்பிப் பாத்து என்ன ஆகப்போகுது? இருந்தாலும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் திரும்புவேன்.

உங்க ஃபோனுங்க. இல்லை, உங்க கோட்டுக்குள்ளதான், வெளிச்சம் தெரியுது பாருங்க. அவங்கதானே? கட் பண்ணாதீங்க. வேண்டாமுங்க, கட் பண்ணாதீங்க. நீங்க அப்பப் புடிச்சு என்னமோ சொல்ல வந்தீங்க, அவங்களைப் பத்தித்தானுங்களா? எங்கிட்டச் சொல்ல வேண்டாம். வெளிய போயி எடுத்து, அவங்க என்ன சொல்றாங்கன்னு சித்த கேளுங்க. பேசி முடிக்கற வரைக்கும் கேளுங்க. வெளக்கு அணைக்க இன்னும் நேரமிருக்குது. உங்க எடம் எங்கயும் போயிராது சார், கட்டித்தானே வெச்சிருக்குது.